அடுத்தவர் ரிப்போர்ட்

பரிசோதனைக்கூடத்தின் இணையதளத்தில் தன் ரத்த ரிப்போர்ட்டைத் திறந்த ஓர் அம்மாவுக்கு, முன்பின் தெரியாத ஆளின் ரிப்போர்ட் வந்து நின்றது. காலையிலேயே நேரில் வந்து கத்தித் தீர்த்துவிட்டார். "வெளிய விட்டது யாருன்னு சாயங்காலத்துக்குள்ள தெரியணும்" என்றார் மேனேஜர்.

சர்வர்களைக் கவனிப்பவருக்குச் சந்தேகம் நேரே மச்சான் மேல் போய் உட்கார்ந்தது. மனைவியின் தம்பி, ரிப்போர்ட் கவுண்டரில் இவரே சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவன். ஒரு வாரமாகப் போனும் கையுமாகத் திரிந்தான். இவரைக் கண்டால் திரையை அணைத்தான். போதாதா? சந்தேகப்படுகிற மனசுக்கு ஒரு நூல் கிடைத்தால் வேட்டியே நெய்துவிடுமே!

"யாருக்குடா அனுப்பின? உண்மையச் சொல்லு."

"சத்தியமா இல்ல அத்தான். வேற வேலை தேடிட்டிருந்தேன். சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

"யார்கிட்ட காது குத்துற?" என்றவர், மேனேஜரிடம் போய் அவன் பெயரைச் சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் ஆதாரம் தேட உட்கார்ந்தார். சர்வர் பதிவுகளில் மச்சான் அந்த ரிப்போர்ட்டைத் தொட்டதாகவே இல்லை. மாறாக, அந்த அம்மாவும் ரிப்போர்ட்டுக்கு உரிய அந்த ஆளும் ஒரே நொடியில் இணையதளத்துக்குள் வந்திருந்தார்கள். உடனே கேஷ் மென்பொருளைத் திறந்து பார்த்தார்.

கேட்ட பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டு, மறுபடி கேட்டால் சட்டென்று நீட்டுவது கேஷ் மென்பொருளின் வேலை. அதில் ஓர் ஓட்டை, ஒருவர் நகலை இன்னொருவருக்கு நீட்டிவிடும் என்று பன்னிரண்டு நாள் முன்பே எச்சரிக்கை வந்தது. ஓட்டையை அடைக்கும் பேட்ச் போட்டவர் இவர்தான். 'முடிந்தது' என்று எழுதியவரும் இவர்தான். ஆனால் மென்பொருளை நிறுத்தி மறுபடி துவக்கினால்தான் பேட்ச் வேலை செய்யும். அன்றைக்குக் கூட்டம், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டவர் அடியோடு மறந்துபோனார். எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று பார்த்தார். நாற்பத்தொரு நாள்.

அட பாவி! ஓட்டையோடு பழையதே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

நிறுத்தினார், பழைய நகல்களை அழித்தார், துவக்கினார். இரண்டு போன்களில் சோதித்தார். அவரவருக்கு அவரவர் ரிப்போர்ட். மேனேஜர் அறைக்கு ஓடினார்.

"சார், தப்பு என்னோடது. அவன் மேல ஒண்ணுமில்ல."

"அவன் அப்பவே வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டானேய்யா!" மேஜையில் மச்சானின் அடையாள அட்டை கிடந்தது.

அவமானம் பிடுங்கித் தின்ன, வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி எடுத்தாள்.

"இங்கதான் இருக்கான். அத்தானே சொல்லிட்டாருன்னா நான்தான் தெரியாம எதையோ அழுத்தி அனுப்பியிருப்பேன்னு அழறான். அப்படி என்னங்க பண்ணிட்டான் என் தம்பி?"