இதைவிட மங்கல்

மனைவி என்னிடம் விட்டுப்போனவை இரண்டு: ஒரு நட்சத்திரம், அவளுடைய அம்மா.

நட்சத்திரம் அபூர்வமான வகை. ராட்சத உருவம். ஆண்டுக்கணக்கில் ஒரே ஒளியோடு நிற்கும். பிறகு எப்போதாவது தானே கரியைக் கக்கி அதற்குள் ஒளிந்துகொள்ளும். அதைப் பார்க்க அவள் மாடியில் காத்திருந்தாள். அது மங்கவே இல்லை. “உன் நட்சத்திரத்துக்கு நிரந்தர வேலை கிடைச்சிருச்சு” என்று கேலி செய்வேன்.

பைனாகுலர் வானியல் சங்கத்துடையது. நட்சத்திரத்தின் ஒளி பற்றி அறிக்கை அனுப்புகிறவரிடம்தான் அது இருக்கும். அவளுக்குப் பிறகு நான் அனுப்பினேன். இரு குழல்களையும் இணைக்கும் நடுக் கீலைத் தொடவில்லை. அவள் கண்களுக்கு வைத்த அளவிலேயே இருந்தது. என் முகம் அகலம். ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க முடிந்தது.

போன மாதம் நட்சத்திரம் கொஞ்சம் மங்கியது. கண்ணாடியில் அழுக்கு என்று துடைத்தேன். இன்னும் மங்கியது. மறுபடி துடைத்தேன். பிறகு காணவே இல்லை. காணாததை எப்படி எழுதுவது? அறிக்கையை நிறுத்திவிட்டேன்.

அத்தை விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்:

“எம்பொண்ணு ரெண்டை ஒப்படைச்சா மாப்பிள்ளை. ஒண்ணைத் தொலைச்சாச்சு. இனி என்னையாவது பத்திரமாப் பாத்துக்குங்க.”

சங்கத்தின் செயலாளர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இருட்டியதும் பைனாகுலரை வாங்கிப்போக வந்தார். அடுத்தவர் கைக்குப் போனால் முதல் வேலையாகக் கீலைத் தன் கண்ணுக்குத் திருப்பிக்கொள்வார். அவள் அளவு போய்விடும். நான் அதை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். சாக்குச் சொல்வதுபோல அழுக்குக் கதையைச் சொன்னேன்.

அவர் பாதியிலேயே எழுந்து மாடியேறிவிட்டார். நானும் அத்தையும் பின்னாலேயே போனோம். தன் பைனாகுலரில் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அழுக்கு இங்க இல்ல தம்பி, அங்க. உங்க வீட்டம்மா காத்திருந்தது இதுக்குத்தான்.”

காணவில்லை என்பதும் அறிக்கைதானாம். பக்கத்தில் கண்ணுக்கு எட்டுகிற கடைசி நட்சத்திரத்தைக் குறித்து, ‘இதைவிட மங்கல்’ என்று எழுத வேண்டும். ஆனால் அதற்கு இரண்டு கண்ணும் வேண்டும் என்றார்.

என் கை கீல் மேல் போய் நின்றுவிட்டது.

அத்தை கீழே போனார். நகப்பூச்சோடு திரும்பிவந்து, கீலின் இரு பக்கமும் சேரும் இடத்தில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார்.

“இது அவ அளவு. வேணும்னா கோட்டைச் சேர்த்து வச்சுப் பாத்துக்கலாம். இப்ப உங்க மூஞ்சிக்கு விரிங்க. அது அகலமாப் போனதுக்கு நான் பொறுப்பில்ல.”

காயும்வரை மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு விரித்தேன். கோடு இரண்டாகப் பிரிந்தது. இதுவரை நான் பார்த்திராத சின்னப் புள்ளி ஒன்று தெரிந்தது. அதன் பக்கத்தில், நம் நட்சத்திரத்தின் இடத்தில், இருட்டு.

“இதைவிட மங்கல்” என்றேன். செயலாளர் எழுதிக்கொண்டார். பைனாகுலரைக் கேட்கவில்லை.

எப்போது திரும்பி வரும் என்று அத்தை விசாரித்தார். கரி கலைய மாதங்கள் ஆகலாம், வருஷங்களும் ஆகலாம் என்றார் செயலாளர்.

“அப்ப அதுவரைக்கும் நான் இங்கதான்” என்றார் அத்தை. “இவரை நம்பி விட்டுட்டுப் போக முடியாது. துடைச்சுக்கிட்டே இருப்பாரு.”