எப்போது தேய்ந்தது

டிக்கியிலிருந்த இரண்டு மணல் மூட்டைகளையும் இறக்கிப் போட்டுவிட்டு, மெக்கானிக் வரதன் வண்டியின் பின்பக்கத்தில் இரு கைகளையும் ஊன்றி அமுக்கினான். கையை எடுத்ததும் கறுப்பு அம்பாசடர் எழும்பியது, தாழ்ந்தது, மறுபடி எழும்பியது. வேதகிரி மனதுக்குள் எண்ணினார். நான்கு முறை ஆடி நின்றது. ஒன்றரை ஆட்டத்தில் நின்றுவிட வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே பத்தொன்பது வருஷமாக டாக்சி ஓட்டுகிறவர். ஆனால் ஒருமுறைகூடத் தன் வண்டியை அவர் இப்படி அமுக்கிப் பார்த்ததில்லை.

வரதன் அடியில் புகுந்து டார்ச் அடித்தான். "ஷாக் அப்சார்பர் செத்து எவ்ளோ நாளாச்சோ. பின்னால வண்டியத் தாங்குற கமான் பட்டையில ஒண்ணு ஒடிஞ்சி கீது. இத்தப் பாருங்க." வெளியே வந்து, பட்டையின் முனையில் மாட்டியிருந்த ரப்பர் புஷ் ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தான். வட்டமாக இருந்திருக்க வேண்டிய துளை ஒரு பக்கமாக இழுபட்டு முட்டை போல இருந்தது.

"எப்பலேர்ந்து இப்படி கீது?" என்று கேட்டார் வேதகிரி.

"எல்லாம் மாத்திட்றேன்ணா. மூணு மணிக்கு வண்டிய எடுத்துக்கினு போங்க."

"அது இல்லப்பா. ஒரு வருசம் ஆயிருக்குமா? இல்ல, இப்ப ரெண்டு மூணு மாசமா?"

"ரப்பர்ல தேதியா எழுதிக்கீது?" வரதன் சிரித்தான். "தெனம் ஓட்றவருக்கு இது தெரியாதுண்ணா. கொஞ்சம் கொஞ்சமா தேயும், நீங்களும் அதுக்குத் தக்கன ஒக்காரக் கத்துக்கினு இருப்பீங்க. புதுசா ஏறுறவன் தான் இன்னாய்யா இப்படித் தூக்கிப் போடுதுன்னு கேப்பான்."

புதிதாக ஏறியவர்கள் யாரும் கேட்டதில்லை. ஒருத்தி மட்டும், வண்டியில் ஏறாமலே, சொல்லியிருந்தாள்.

போன வருஷம் மகள் ஜெயாவுக்கு ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, அவள் புகுந்த வீடு இருக்கும் காவாந்தண்டலத்திலிருந்து இதே வண்டியில்தான் அழைத்துவந்தார். நான்காம் நாள் வயிற்றிலேயே குழந்தை போய்விட்டது. செங்கல்பட்டு டாக்டர், வண்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு முறை சொன்னார். ஜெயாவின் மாமியார் தாயாரம்மாள் மட்டும், துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னால், "ஒங்க வண்டி குலுக்கின குலுக்கல்ல தான்" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு அவள் அதைப் பேசவே இல்லை. அன்று வேதகிரி, "என் வண்டி பூ மாதிரி போவும்" என்றார். நம்பித்தான் சொன்னார்.

கர்ப்பிணிகளை ஏற்றும்போது டிக்கியில் இரண்டு மூட்டை மணல் போடுவது அந்த ஸ்டாண்டு டிரைவர்களின் வழக்கம். வண்டி எகிறாமல் அமுங்கிப் போகும். மகளை அழைக்கப் போவதற்கு முந்தின நாள், செய்யாற்றிலிருந்து தானே அள்ளிக் கட்டிப் போட்டார். அதன்பிறகு அந்த மூட்டைகளை இறக்கவேயில்லை.

"நோவ மறைச்சதே அந்த மண்ணு தான்" என்றான் வரதன், பழைய பட்டையைக் கழற்றிக்கொண்டே. "இல்லன்னா, அந்த வெயிட்லயே பட்டை ஒடிஞ்சிருக்கும். அத்த யாரு கண்டா?"

அப்படியானால் மகள் ஏறியபோதே தேய்ந்திருந்ததா? மகளுக்காகப் போட்ட மணலே உடைத்ததா? அல்லது அதற்கப்புறம் பத்துப் பத்துப் பேராக ஏற்றிப் போன கல்யாண சவாரிகளில் ஆனதா? அந்த ஒரு பயணத்தை அவர் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்தார். பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அது அன்று கேட்டதா, இப்போது அவரே அந்த நினைவில் கொண்டுபோய் வைத்ததா என்று தெரியவில்லை.

மூன்று மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு மகளை அழைக்கக் கிளம்பினார். திருப்புலிவனம் தாண்டி, எப்போதும் அடி வாங்கும் பள்ளத்தில் இறங்கி ஏறியது, சத்தமே இல்லை. நிறுத்தித் திருப்பி மறுபடி அதில் இறக்கினார். சத்தமில்லை. வண்டி என்றால் இப்படித்தான் போக வேண்டும் என்றால், இவ்வளவு நாள் அவர் ஓட்டியது என்ன?

காவாந்தண்டலத்தில் தாயாரம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். ஒன்பதாம் மாத வயிற்றோடு ஜெயா பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வண்டியில அனுப்ப மாட்டேன்னு சொல்லி அனுப்பினேனே சம்மந்தி."

"இந்தத் தபா ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்தே ஆவணும்னு டாக்டரு சொல்லிக்கிறாரு. இங்க நேரங்கெட்ட நேரத்துல வலி வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"அது எனக்கும் தெரியும். வண்டி அப்படியே தான கீது?"

மாற்றிவிட்டேன் என்றால் அவள் அன்று சொன்னது மெய்யாகிவிடும். சொல்லாவிட்டால் மகள் இங்கேயே இருப்பாள்.

"அடியில கீறதெல்லாம் மாத்திட்டேன்" என்றார்.

"அப்ப மாத்த வேண்டியதா தான் இருந்திருக்குது." அவள் குரல் உயரவில்லை. "எப்பலேர்ந்து?"

"தெரியல சம்மந்தி." உண்மைதான். அவர் காதுக்கே அது பொய்யைப் போலக் கேட்டது.

"போன தபா நான் தூங்கிக்கினு தான வந்தேன்" என்றாள் ஜெயா. "ஒண்ணும் குலுங்கல நைனா."

"நீ மெஷின்ல நெல்லு அரைக்கறப்பவே மூட்டை மேல தூங்கினவ. சும்மா இரு" என்றாள் தாயாரம்மாள்.

மகள் நினைவிலிருந்து சொன்னாளா, அப்பாவை விட்டுக்கொடுக்காமல் சொன்னாளா என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

தாயாரம்மாள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய பித்தளைச் சொம்பு. மெல்ல நடந்துவந்து பின் சீட்டில் ஏறி, அதை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏரிக்கரை வரிக்கும் போயி திருப்புங்க."

வேதகிரி கிளப்பினார். சிந்தினால் ஜெயா வரமாட்டாள். சிந்தாவிட்டால், போன வருஷம் சிந்தியிருக்கும் என்று ஆகிவிடும். மாட்டு வண்டித் தடங்கள் காய்ந்து இறுகிக் கிடந்த கரைமேல் வண்டி ஏறியது. அவர் இரண்டாவது கியருக்கு மாற்றிக் கண்ணாடியைப் பார்த்தார். அவள் பாதையைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. சொம்பின் வாய்க்கு மேல் ஒரு நூல் உயரம் திரண்டு நின்ற தண்ணீர், எஞ்சினின் அதிர்வில் நடுங்கிக்கொண்டிருந்தது.