சாமித்தட்டுக்குப் போன டஃபடில்

எண்பத்தெட்டாம் ஆண்டுக் குளிர்காலம் முழுவதும் சந்திரவதனா ஒரே ஒரு ஆசையைத்தான் வளர்த்தாள். தன் வீட்டுப் பின்தோட்டத்தில் குளிர் முடிய வரும் மஞ்சள் டஃபடில் பூ ஒன்று விரிவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். லண்டனில் இல்ஃபோர்டுக்கு வந்த நாள் முதல் இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பி, வெயில் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஐப்பசியில் சந்தையில் அதன் கிழங்கு வாங்கிவந்து, விரல் விறைக்க மண்ணைக் கிண்டி நட்டாள். கணவன் அம்பலவாணன் யன்னலுக்குள் நின்று சிரித்தான்.

"வெங்காயம் நடுறியோ? மிளகாய்க் கண்டையும் நடு, சம்பல் இடிக்கலாம்."

சிரிக்கட்டும், மனிதன் நன்றாகச் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மாசி முடியுமுன் பச்சை முளைகள் மண்ணைப் பிளந்துகொண்டு வந்தன. பிறகு மொட்டுகள். குளிர் இன்னும் காதைக் கடித்தது, ஆனால் காலையில் வெளிச்சம் இருந்தது. ஒரு கறுத்த குருவி பக்கத்து வீட்டுக் கூரையில் நின்று தொண்டை கிழியப் பாடியது. சந்திரவதனாவுக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு அடுத்த நாளே போய்விட்டது.

மாமனார் சபாரத்தினம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இன்னும் குளிர்கூடப் பழகவில்லை. ஊரில் விடியமுன் எழுந்து, சொந்த வளவு அயல்வளவு என்று பாராமல், வேலிக்கு மேலால் எட்டிப் பூப்பறித்துச் சாமிக்கு வைத்தவர். அங்கே அதைக் களவு என்று யாரும் சொல்வதில்லை. வீட்டுக்காரரே கொப்பை வளைத்துக் கொடுப்பார். அதுவும் மொட்டாகப் பறிக்க வேண்டும், விரிந்து வண்டு மொய்த்த பூ சாமிக்கு ஆகாது என்பது அவருடைய கட்சி. அந்த வழக்கத்தைக் கட்டிச் சுமந்துகொண்டு லண்டனுக்கும் வந்துவிட்டார். காலையில் சந்திரவதனா தேநீருக்குத் தண்ணீர் வைக்க இறங்கினால், மொட்டுகள் பிள்ளையார் படத்துக்கு முன்னால் தட்டத்தில் கிடக்கும். சாமி அலுமாரியின் இருட்டுக்குள் அவை விரியாமலே வாடிப்போகும்.

"உங்கட அப்பாவிட்டைச் சொல்லுங்கோவன்," என்றாள் கணவனிடம்.

"சாமிக்குத்தானே வைக்கிறார்."

"சாமிக்குக் கடையிலை பூ வாங்கித் தாறன். இது நான் பாக்கிறதுக்கெண்டு வைச்சது."

"கண்டறியாத பூ! வயசுபோன மனுசன், விடப்பா."

விடுவதாம்! எதைத்தான் அவள் விடவில்லை? கணவன் ஹீற்றரைக் குறை என்றால் குறைத்தாள், மாமனார் கறிக்கு உள்ளிப்பூண்டு போடாதே என்றால் போடாமல் விட்டாள். மாமனாரிடம் நேரே வாய்காட்ட வளர்ந்த வளர்ப்பு இடம்கொடுக்கவில்லை. கதவைப் படாரென்று சாத்தினாள், சட்டியை நங்கென்று வைத்தாள். அதெல்லாம் அந்த மனிதரின் காதில் விழவே இல்லை.

கடைசியில் ஒரேயொரு மொட்டு மிஞ்சியது. சனிக்கிழமை விடியுமுன்பே கணவனின் கோட்டைப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் போய் நின்றாள். தட்டத்தோடு வந்த சபாரத்தினம் திடுக்கிட்டார்.

"என்ன பிள்ளை, இந்தக் குளிருக்குள்ளை?"

"மாமா, இதைப் பறிக்கவேண்டாம். இது எனக்கு வேணும்."

சொல்லிவிட்டாள்.

"உனக்கோ? முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை. நான் வேறை இடத்திலை பாக்கிறன்."

இவ்வளவுதானா! இதற்காகவா இத்தனை நாள் சட்டிகளோடு சண்டை பிடித்தோம் என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. அதிசயமாக வெயில் எறித்தது. கதிரையைத் தோட்டத்தில் போட்டு, தேநீரோடு இருந்தாள். பூ விரிந்திருந்தது. என்ன மஞ்சள் அது! பக்கத்தில் குனிந்து பார்த்தாள், எட்ட இருந்து பார்த்தாள். முகத்தில் வெயில் பட, உடம்பெல்லாம் இளகுவதுபோல இருந்தது. அப்போது வாசல் மணி அடித்தது.

பக்கத்து வீட்டு மிசிஸ் ஹார்ப்பர் பொல்லை ஊன்றிக்கொண்டு நின்றாள். கிழவி சண்டைக்கு வரவில்லை. தன் தோட்டத்து டஃபடில் எல்லாவற்றையும் காலையில் யாரோ முறித்துவிட்டார்கள், யாரையாவது கண்டீர்களா என்று கேட்டாள். நடக்க ஏலாததால் எங்கும் போவதில்லை, குளிர்காலம் முழுக்கக் அடுப்படி யன்னலோரம் இருந்து அவற்றுக்காகத்தான் காத்திருந்தேன் என்றாள்.

சந்திரவதனா திரும்பிப் பார்த்தாள். சாமி அலுமாரி திறந்து கிடந்தது. தட்டம் நிரம்பி வழிய மஞ்சள் மொட்டுகள். கிழவியும் கண்டுவிட்டாள். கண்ணை எடுக்காமல் அதையே பார்த்தாள்.

"உள்ளுக்கு வரச்சொல்லு பிள்ளை," என்றார், இங்கிலீசு விளங்காமல் பின்னால் நின்ற சபாரத்தினம், முகமெல்லாம் மலர. "கும்பிட வந்திருக்கிறா போலை. விபூதி குடுப்பம்."

சந்திரவதனாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயில் இங்கிலீசும் வரவில்லை, தமிழும் வரவில்லை. விறுவிறென்று பின்தோட்டத்துக்குப் போனாள். தன் பூவைத் தண்டோடு முறித்துக் கொண்டுவந்து கிழவியின் கையில் கொடுத்தாள். மிசிஸ் ஹார்ப்பர் அதைக் கையில் பிடித்தபடி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

"விரிஞ்ச பூவையே குடுத்தனீ?" என்றார் சபாரத்தினம். "தட்டத்திலை நல்ல மொட்டுக் கிடக்கே பிள்ளை."

"மாமா!" அவள் போட்ட சத்தத்தில் அம்பலவாணன் பத்திரிகையைக் கீழே போட்டான். "அந்த ஒரு பூவுக்காகத்தானே மாமா நான் இவ்வளவு காலமும் காத்துக்கொண்டிருந்தனான்!"

சபாரத்தினம் தட்டத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். முதல்முறையாக அவர் முகம் சுருங்கியது.

"எவ்வளவு நேரம் பாத்தனீ?" என்று மெல்லக் கேட்டார்.

"தேத்தண்ணி இன்னும் குடிச்சு முடியேல்லை," என்றாள். அதற்குமேல் அழுகையை அடக்க முடியவில்லை.