துறைமுகத்தின் மூன்றாவது அட்டவணை

சிவகாசியில் காகிதத்தைக் காலியாக விட மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் நாலு விரல் இடம் மிஞ்சினால் அங்கே ஒரு மயில் உட்காரும். பட்டாசு விலைப்பட்டியலின் கடைசிப் பக்கம் வெறுமனே கிடந்தால் கௌரி பஞ்சாங்கம் ஏறும். தாளுக்குக் காசு கொடுத்திருக்கிறது, அதைச் சும்மா அனுப்பி வைப்பது அந்த ஊருக்குப் பொறுக்காது.

ஜாபர் சாதிக்கின் ஆப்செட் அச்சகத்தில் டி.டி.பி. பார்த்த செல்வலட்சுமிக்கும் அந்தக் கைப்பழக்கம் இருந்தது. விஸ்வநத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் எழுந்திருப்பாள். ஆடி பிறந்துவிட்டால் காலண்டர் வேலை. முருகன், லட்சுமி, ஏசு, மெக்கா எல்லாரும் ஒரே மேஜை வழியாகத்தான் போனார்கள். தேதி, திதி, ராகு காலம், எமகண்டம் எல்லாம் அவள் விரலிலேயே இருந்தது, மூளைக்கு அதில் வேலையில்லை.

இரண்டு வருஷமாகத் தினக்கூலிதான். பெர்மனென்ட் ஆக்குங்கள் என்று கேட்டால் முதலாளி, "தீபாவளி கழியட்டும், பார்ப்போம்" என்பார். ஜாபர் சாதிக் கெட்டவர் இல்லை. தீபாவளி கழிந்ததும் அவருக்கு மறந்துவிடும், அவ்வளவுதான்.

செல்வலட்சுமி இதை ஆசைக்காகக் கேட்கவில்லை. அவளுடைய அம்மா கருப்பம்மாள் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் ரூமில் இருந்தாள். போன வருஷம் பக்கத்து ரூம் போய்விட்டது. விஸ்வநத்தத்தில் 'போய்விட்டது' என்றால் போதும், மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள். கருப்பம்மாளுக்கு இடது கை முழங்கைவரை தோல் வெந்து சுருங்கியதோடு விட்டது. ஆறியதும் திரும்ப அதே கம்பெனிக்குப் போனாள். "நீ பெர்மனென்ட் ஆகு, நான் வேலையிலேருந்து நின்னுக்கிடுதேன்" என்று மகளிடம் சொல்லியிருந்தாள். தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவியும், நாலு பேர் இருக்க வேண்டிய ரூமில் பத்துப் பேர் இருப்பார்கள். அந்த மாதங்களில் மத்தியானம் எங்கேயாவது டமார் என்று சத்தம் கேட்டால் செல்வலட்சுமியின் கை கீபோர்டிலேயே நின்றுவிடும். சத்தம் எந்தத் திசை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த எழுத்து விழும்.

இப்படியிருக்க, இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆடி மாதம் அந்த அச்சகத்துக்குக் கடல் வந்தது.

கடற்கரைப் பக்கம் கீழ்மணல்துறை என்று ஒரு குட்டித் துறைமுகம். தோணிகள் உப்பும் கருவாடும் ஏற்றிப் போகும். அதற்கென்று ஒரு துறைமுக, நீர்வழிக் குழு இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய சட்டத்தை வைத்துக்கொண்டு குழு காலத்தை ஓட்டியது. அந்தச் சட்டப்படி குதிரை இறக்கும் கப்பலிடம் அவர்கள் வரி வாங்கலாம். மோட்டார் படகை நிறுத்தச் சொல்ல அதிகாரம் கிடையாது, சட்டம் எழுதியபோது மோட்டார் பிறக்கவில்லை. தோணிகள் வந்துபோகும் வாய்க்காலின் நடுவே ஒன்று மூழ்கி வழியை மறித்தால் அதை இழுத்துப் போடவும் அதிகாரம் இல்லை. சொந்தக்காரருக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் போடலாம். அப்படி வருத்தம் தெரிவித்த தோணிகள் மூன்று அங்கே கிடந்தன.

அதிகாரங்களைக் காலத்துக்கு ஏற்றபடி திருத்தி, புத்தகமாக அச்சிட்டு ஒப்புதலுக்கு அனுப்பும்படி மேலிடம் சொல்லிவிட்டது. குழுவின் செயலாளர் நல்லசிவம் ரிட்டயர்டு அரசு ஊழியர். கறாரான மனுஷன். விதிகளைத் தன் கையாலேயே எழுதினார். மூழ்கிய தோணியை அகற்ற அதிகாரம், வேகத்தைக் கட்டுப்படுத்த அதிகாரம், மண் அள்ளும் இயந்திரம் இறங்கும்போது வாய்க்காலை மூட அதிகாரம் என்று ஒன்றுவிடாமல் எழுதினார். எந்தக் கிழமை எந்த நேரம் மூடுவது என்பதற்குக் கடைசியில் மூன்றாவது அட்டவணை. கட்டம் போட்டு, கிழமை, ஆரம்பம், முடிவு என்று எழுதி, மேலே 'கலங்கள் புறப்படக் கூடாத நேரம்' என்று தலைப்பும் கொடுத்தார். நேரத்தை இயந்திரக் கம்பெனிக்காரர்களிடம் கேட்டுப் பிறகு அனுப்பலாம் என்று கட்டத்தைக் காலியாக விட்டார். பிறகு மறந்துவிட்டார்.

காலண்டர் வேலைக்கு நடுவே அந்தக் கைப்பிரதி செல்வலட்சுமியிடம் வந்தது. மூழ்கிய கலம், நங்கூரம், அபராதம் எல்லாவற்றையும் அடித்து முடித்துக் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். கிழமை, ஆரம்பம், முடிவு. புறப்படக் கூடாத நேரம். விரல் தன் பாட்டுக்குப் போனது. திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது. செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை. ஞாயிற்றுக்கிழமைவரை நிரப்பி, பாந்தமாக ஒரு பார்டரும் கட்டி, அடுத்த காலண்டரை எடுத்தாள்.

புரூஃப் பஸ் பார்சலில் போனது. எல்லாப் பக்கத்திலும் 'சரி' என்று நல்லசிவத்தின் கையெழுத்தோடு திரும்பி வந்தது. புத்தகம் அச்சானது. மேலிடமும் அதைத் தொட்டுப் பார்த்து, கனம் பார்த்து, ஒப்புதல் கொடுத்துவிட்டது. புரட்டாசியில் கெஜட்டிலும் வந்தது. அன்று முதல் கீழ்மணல்துறையில் ராகு காலத்தில் தோணி எடுப்பது அபராதத்துக்குரிய குற்றம்.

விஷயம் தெரிந்தது ஒரு வியாழக்கிழமை. முதலாளி கடையில் இல்லாத நேரம் போன் அடித்தது. செல்வலட்சுமி எடுத்தாள்.

"மூணாவது அட்டவணையை அடிச்சது யாரு?" என்றது நல்லசிவத்தின் குரல்.

அவள் ஃபைலைத் திறந்தாள். கட்டம் முழுக்க ராகு காலம்.

"முதலாளி வெளியே போயிருக்காக, சார்."

"செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு நானும் தலைவரும் நேர்ல வாரோம்னு சொல்லு."

அவர்கள் வருகிறார்கள் என்று முதலாளியிடம் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு நகைக்கடைக் காலண்டரில் அமாவாசையை ஒரு நாள் தள்ளிப் போட்டார். அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்குப் போனார், திரும்பி வரவில்லை. மாதத்தில் ஒரு அமாவாசைக்கே அந்தக் கதி என்றால், வாரத்தில் ஏழு நாளும் ஒரு துறைமுகத்தை மூடியவளுக்கு என்ன கிடைக்கும் என்று அவள் ஐந்து ராத்திரி யோசித்தாள். கருப்பம்மாள், "ஏன் புள்ள, சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருக்க?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, வேலை ஜாஸ்தி" என்றாள் மகள்.

செவ்வாய்க்கிழமை சொன்னபடி மூன்று மணிக்கு ஒரு ஜீப் வந்தது. அச்சகத்து வாசலில் நிற்காமல் எதிரே டீக்கடை ஓரம் போய் நின்றது. யாரும் இறங்கவில்லை. ஐப்பசி பிறக்கப் போகிறது என்றாலும் வெயில் குறையாத ஊர். ஜீப்புக்குள் இரண்டு தலைகள் வேர்த்துக்கொண்டு அசையாமல் இருந்தன.

"என்னம்மா, அங்கனயே உட்கார்ந்திருக்காக?" என்றார் ஜாபர் சாதிக்.

இனி மறைக்க முடியாது. செல்வலட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள். ஜாபர் சாதிக் அச்சான புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பார்டர் நல்லா இருக்கு" என்றார். பிறகு அலமாரியைக் குடைந்து கையெழுத்துப் போட்ட புரூஃபை எடுத்து மேஜைமேல் வைத்தார். "நான் அஸர் தொழுதுட்டு வந்துர்றேன். அவுக வந்தா உட்கார வை. நீ வாயைத் திறக்காதே."

அவர் பள்ளிவாசலுக்குப் போய், தொழுது, திரும்பி வந்து, அன்றைய கணக்கையும் எழுதி முடித்தார். ஜீப் அப்படியே நின்றது. நாலரை தாண்டியதும் இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தன.

முன்னால் வந்தவர் பெத்தணன், குழுவின் தலைவர், சொந்தமாக இரண்டு தோணி வைத்திருப்பவர். பின்னால் நல்லசிவம், சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது.

நல்லசிவம் உட்காரும் முன்பே ஆரம்பித்தார். "பாய், சுத்தி வளைக்கலை. எங்க மானம் போச்சு. எந்த அடிப்படையில இந்த நேரம்னு மேலேருந்து கேட்டு எழுதிட்டாங்க. அச்சகத்தோட தப்பு, அதைச் செஞ்ச ஆளை வேலையை விட்டு நிறுத்தியாச்சுன்னு ஒரு லெட்டர் கொடுங்க. அதை வச்சு நான் பதில் எழுதிக்கிடுதேன்."

செல்வலட்சுமிக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். வேலை போனால் அவளும் அம்மாவோடு அதே பஸ்ஸில் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். ரூமில் பதினோராவது ஆள்.

ஜாபர் சாதிக் புரூஃபின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆயிரம் வேலைக்கு நடுவுல போட்டது பாய். அட்டவணைக்கு நான் நேரமே அனுப்பலையே. நீங்களா ஒண்ணை எழுதிக்கிட்டா?"

பெத்தணன் அதுவரை சுவரில் ஒட்டியிருந்த லட்சுமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது திரும்பி, "யாரு போட்டது?" என்று கேட்டார்.

வாயைத் திறக்காதே என்று முதலாளி சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் செல்வலட்சுமி எழுந்து நின்றாள். "நாந்தான், ஐயா."

"ஏன் போட்ட?"

"கிழமை போட்டு, ஆரம்பம் முடிவு போட்டு, புறப்படக் கூடாத நேரம்னு மேல எழுதியிருந்துச்சு. அதுல வேற என்னத்தைப் போடுறது, ஐயா?"

பெத்தணன் நல்லசிவத்தின் பக்கம் திரும்பி, "வேற என்னத்தைப் போடுறது?" என்றார்.

"தலைவரே, நீங்களுமா?"

"நான் நெசமாத்தான் கேக்கேன். முன்னாடி ராகு காலத்துல தோணியை எடுங்கலேன்னு சொன்னா ஒரு பய எடுக்க மாட்டான். நான் கத்துவேன், அவனுக கரையில படுத்திருப்பானுக. இப்ப சட்டமே படுன்னு சொல்லிருச்சு, கத்துற வேலை மிச்சம். வாய்க்கால் சும்மா கெடக்கதால மண் அள்ளுற மிஷினும் அந்த நேரத்துல ஓடுது."

"மிஷின்காரங்க ராகு காலத்துல வேலையை ஆரம்பிக்கிறாகளா?" என்று கேட்டார் ஜாபர் சாதிக்.

"அஞ்சு நிமிஷம் முந்தியே ஆரம்பிச்சிருவானுக. ஆரம்பிக்கத்தான் கூடாது, நடந்துக்கிட்டு இருக்கலாம்."

நல்லசிவம் விடவில்லை. "இதையெல்லாம் மேல எழுத முடியுமா? மூடநம்பிக்கைன்னு சிரிக்க மாட்டாங்களா? எனக்கு லெட்டர் வேணும்."

ஜாபர் சாதிக் பேனாவை எடுத்தார். லெட்டர்பேடையும் இழுத்து முன்னால் வைத்தார்.

"எழுதித் தாரேன் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். மூணு மணிக்கே வந்துட்டீகளே, ஏன் உள்ள வரலை?"

நல்லசிவம் வாசலுக்கு அப்பால் நின்ற ஜீப்பைப் பார்த்தார். உள்ளே மிஷின் மட்டும் தடதடவென்று முருகனை அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

"அது வந்து... செவ்வாய்க்கிழமை மூணு டூ நாலரை..." என்றார் நல்லசிவம்.

"நீங்கதான் உட்காரச் சொன்னீக" என்றார் பெத்தணன். "நான் அப்பவே இறங்கிருவோம்னு சொன்னேன். வேர்த்து ஊத்திருச்சு."

"வந்த காரியம் நல்லபடியா முடியணுமேன்னு..." என்று இழுத்தார் நல்லசிவம்.

ஜாபர் சாதிக் பேனாவை மூடி வைத்தார்.

மேலிடத்துக்கு என்ன எழுதுவது என்பதைப் பெத்தணன்தான் சொன்னார், நல்லசிவம் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். 'உள்ளூர் கடலோடிகளின் நெடுநாள் வழக்கத்தை ஒட்டி, மண் அள்ளும் பணிக்காக நிர்ணயிக்கப்பட்ட நேரம்' என்று அது அமைந்தது. படித்துப் பார்த்த நல்லசிவத்துக்கே அதில் பிழை தெரியவில்லை. போகும்போது பெத்தணன் அடுத்த வருஷத்துக்குத் துறைமுகக் காலண்டர் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தார். எமகண்டத்தையும் சேர்க்க முடியுமா என்று கேட்டார். அதற்குக் குழுவுக்கு அதிகாரமில்லை என்று நல்லசிவம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஜீப் கிளம்பியதும் ஜாபர் சாதிக் நாற்காலியில் சாய்ந்தார். "இனிமே இந்தக் கடையிலேருந்து போற எதையும் முதல் எழுத்துலேருந்து கடைசி எழுத்துவரைக்கும் வாசிக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

செல்வலட்சுமிக்குத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. "முதலாளி, என் பெர்மனென்ட் ஆர்டர்..." என்றாள்.

அவருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "சரி, அடிச்சு வையி. எந்தத் தேதியிலேருந்துங்கிற இடத்தை மட்டும் காலியா விட்டுரு. தீபாவளி கழிச்சுப் போட்டுக்கிடுவோம்."

அவள் உட்கார்ந்து அடித்தாள். பெயர், ஊர், வேலை. கடைசியில் தேதி. காலி இடம். தீபாவளிக்கு இன்னும் நாள் கிடந்தது. அம்மாவின் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்திருந்தார்கள். அவளுடைய விரல் இந்தமுறை தானாகப் போகவில்லை. என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்துதான் போனது.

ஜாபர் சாதிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சொன்ன சொல் தவறாமல் முதல் எழுத்திலிருந்து வாசித்தார். கடைசி வரியில் நின்றார்.

"இன்னைக்குத் தேதியைப் போட்டிருக்கே."

"காலியா விட்டா நல்லா இருக்காது, முதலாளி."

அவர் அவளைப் பார்த்தார். அவளும் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவளுடைய அம்மாவின் கையை அவருக்குத் தெரியும். ஒருமுறை மழையில் கருப்பம்மாள் மகளுக்குக் குடை கொண்டு வந்து வாசலில் நின்றபோது பார்த்திருக்கிறார். சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ராகு காலம் முடிஞ்சிருச்சுல்ல?"

"முடிஞ்சிருச்சு, முதலாளி."

கையெழுத்துப் போட்டார்.

அவள் வீட்டுக்குப் போனபோது கருப்பம்மாள் வாசலில் குத்தவைத்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை சோப்புப் போட்டும் நகக்கண்ணில் வெள்ளி நிறப் பட்டாசு மருந்து போகவில்லை. மகள் சொன்னதைக் கேட்டும் தலை நிமிரவில்லை.

"எப்ப இருந்து?"

"இன்னையிலேருந்தும்மா."

கருப்பம்மாள் சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரையும் கைமேல் ஊற்றிக்கொண்டாள். சேலையில் துடைத்தாள்.

"அப்ப நாளைக்கு எனக்குத் தூக்குச்சட்டி கட்ட வேண்டாம்" என்றாள்.