குடியிருப்பவர்

“அசையாம நில்லுங்கப்பா. முடிச்சு கோணலாப் போகுது.”

ஹெல்மி மூன்றாவது முறையாக டையை அவிழ்த்துக் கட்டினாள். அவள் அப்பா தாவெட்டிக்கு எண்பத்து நான்கு வயது. மோவாயை உயர்த்தி, விறகடுப்பைப் பார்த்தபடி நின்றார்.

“செத்துட்டான்னு எழுதியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். ஆளே இல்லன்னுல்ல எழுதியிருக்கான்.”

அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில், செம்புச் சுரங்கத்தை மூடிய வருடம் அவரே மரம் அறுத்துக் கட்டிய வீடு அது. சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கான வரிவிலக்கை இந்த வருடம் ரத்து செய்திருந்தார்கள். மூன்று முறை ஆய்வுக்கு வந்ததாகவும், வீடு காலியாக இருந்ததாகவும் கடிதம் சொன்னது. விலக்கு போனால் வரி கட்ட முடியாமல் வீடும் கைவிட்டுப் போகும். மேல்முறையீடு செய்திருந்தார். இன்று விசாரணை.

“மூணு தடவையும் இந்த மேசைகிட்டதான் உக்காந்திருந்தேன், ஹெல்மி. ஜன்னல்ல மூஞ்சிய ஒட்டவச்சு என்னையே பாத்தான். உள்ள வான்னு கையக்கூடத் தூக்கினேன். எதையோ எழுதிக்கிட்டுப் போயிட்டான்.”

“கண்ணாடியில வெளிச்சம் அடிச்சிருக்கும்பா.”

“மூணு தடவையுமா?”

அவள் அவருடைய மேல்கோட்டை எடுத்துவரப் போனாள்.

டவுன் ஹாலில் சுவரோரம் ஐந்து நாற்காலிகள் இருந்தன. முறையீட்டுக்கு வேறு யாரும் வந்திருக்கவில்லை. தாவெட்டி நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நீயே போய்ப் பேசு. எனக்கு மூச்சு வாங்குது.”

மேல்முறையீட்டுக் குழுத் தலைவி லிண்ட்குவிஸ்ட் அம்மாள், ஓய்வுபெற்ற நர்ஸ். அவர் பக்கத்தில் ஆய்வாளர் ட்ரெவர், முப்பது வயதுக்காரன், புகைப்படங்களைப் பரப்பினான். வாசல்வரை கால்தடமே இல்லாத பனி. மூடிய கதவு. கடைசிப் படம் ஜன்னல் வழியாக எடுத்தது: மேசை, பின்னால் தள்ளிய நாற்காலி, ஒரு கோப்பை.

ஹெல்மி குனிந்து பார்த்தாள். கோப்பையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

“இந்தக் காபிய யார் போட்டது?”

ட்ரெவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். “அதான் மேடம் எனக்கும் புரியல. அரை மணி நேரம் தட்டினேன். கெளம்பறப்ப திரும்பப் பாத்தேன், கோப்பையில பாதிதான் இருந்துச்சு. உள்ள ஒருத்தரும் இல்ல. சத்தியமா இல்ல.”

“இத ஏன் அறிக்கையில எழுதல?” என்றார் தலைவி.

“எப்படி எழுதறதும்மா?” அவன் ஹெல்மியைப் பார்த்தான். “பெரியவரக் கூட்டிட்டு வந்திருக்கலாமே. ஒரு தடவ பாத்திருப்பேன்.”

“என்ன தம்பி கிண்டலா? எங்கூடத்தானே வந்தாரு. அதோ உக்காந்திருக்காரு.”

தலைவி நிமிர்ந்து நாற்காலிகளைப் பார்த்தார். பேனாவை வைத்துவிட்டு வேகமாக நடந்தார். தாவெட்டியின் மோவாய் டையின்மேல் கவிழ்ந்திருந்தது. தலைவி அவர் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்து வெகுநேரம் நின்றார். பிறகு கண் இமைகளை மூடிவிட்டார்.

“அப்பா,” என்றாள் ஹெல்மி. அவர் வாயோரம் ஒட்டியிருந்த ஏலக்காய் ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டாள்.

ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று. தலைவி மேசைக்குத் திரும்பி, மேல்முறையீட்டுத் தாளை இழுத்து எழுதினார். எழுதியதை ஹெல்மிக்காகத் தாழ்ந்த குரலில் வாசித்தார்: “உரிமையாளர் அவ்வீட்டில் குடியிருப்பவரே. விலக்கு தொடரும்.”

ட்ரெவர் எழுந்து சுவரோரம் வந்தான். ஐந்து நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, கடைசி நாற்காலியின் முன்னால் தலை குனிந்து நின்றான். அது காலியாக இருந்தது; தாவெட்டி நடு நாற்காலியில்தான் இருந்தார்.