தோக்க மாட்டன் எண்ட ட்ரூமன் ராசா

ஒருவழியா இராயப்புவுக்கு ராசா வேஷம் கிடைச்சிட்டுது. ஊரிலையும் சரி, பாரிசுக்கு வந்த பிறகும் சரி, நாட்டுக்கூத்து எண்டால் அந்த மனிசனுக்கு ஒரு ஈட்டியைக் குடுத்து மூலையிலை நிக்கவிடுறதுதான் வழக்கம். ஐம்பது வயதிலை இப்பதான் தலையிலை முடி. மனிசி மரியகொறற்றி யன்னல் சீலையைக் கழட்டி ராசா உடுப்புத் தைச்சுப்போட்டா. லா கூர்னெவிலையும் பொண்டியிலையும் இருக்கிற சொந்தக்காரர் முழுப்பேருக்கும் சொல்லியாச்சு.

எந்த நாட்டு ராசா எண்டுதான் கேக்கப்படாது. அமெரிக்கா.

அது பெர்னார் ஐயா பாத்த வேலை. புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசாங்க உத்தியோகம் பாத்து ஓய்வெடுத்தவர். லா சப்பல் தமிழ்ச் சங்கத்தின்ரை 1987 ஆண்டு விழாவிலை, சனத்துக்கு வைத்தியக் காப்புறுதி குடுக்க அமெரிக்க சனாதிபதிமார் பட்ட பாட்டை ஒப்பிட்டு இரண்டு மணித்தியாலம் பேசப்போறன் எண்டு நிண்டார். சனம் குறட்டை விடும் எண்டு சங்கத்துக்கு நடுக்கம். கூத்துப் பழக்கிற அண்ணாவியார் நீக்கிலாஸ்தான், சனாதிபதிமாரை ராசாவாக்கி ஆளுக்கொரு வரவுப் பாட்டு வைப்பம் எண்டு சமாளிச்சார்.

ஒத்திகையிலைதான் இராயப்புவுக்கு விஷயம் விளங்கினது. அவர் ஆடுற ட்ரூமன் ராசா எல்லாச் சனத்துக்கும் காப்புறுதி வேணும் எண்டு கேப்பார், வைத்தியர் சங்கம் மறிக்கும், அவர் தோத்துத் திரைக்கு உள்ளுக்கை போகவேணும். நீக்கிலாசின்ரை கூத்திலை தோத்த ராசா கடைசி மங்களத்துக்கு மேடையிலை நிக்கேலாது. பேந்து வாற ஜோன்சன் ராசா, அதாவது வின்சன்ற், முக்கியமா வயது போன ஆக்களுக்குக் கேட்டு வெல்லுவான். நிக்சனும் காட்டரும் தோப்பினம். மங்களத்துக்கு வின்சன்ற் தனிய நிண்டு பல்லைக் காட்டுவான். இராயப்புவுக்குப் பத்திக்கொண்டு வந்துது. எல்லாருக்கும் கேட்டவன் உள்ளுக்கை, கொஞ்சப்பேருக்குக் கேட்டவன் வெளியிலையோ? சொந்தக்காரருக்கு முன்னாலை யன்னல் சீலையோடை ஓடுறதோ?

விழா அண்டு பின்னேரம் மண்டபம் நிரம்பி வழிஞ்சுது. இராயப்பு ஆடிக்கொண்டு வந்தார். வைத்தியர் சங்கத் தலைவரா வந்த யோன் கழுத்திலை குழாயைப் போட்டுக்கொண்டு எதிர்ப்பாட்டுப் பாடினான். இராயப்பு உள்ளுக்கை போகேல்லை. தானே கட்டின இன்னொரு பாட்டை எடுத்தார். யோன் தட்டுத்தடுமாறிப் பதில் பாட, பேந்தும் ஒண்டு. கடைசியிலை யோனுக்குப் பாட்டு முடிஞ்சு போச்சு. காப்புறுதியைக் குடுங்கோவன் எண்டு குழாயைக் கழட்டி நிலத்திலை வைச்சிட்டான். சனம் விசிலடிச்சுது. மரியகொறற்றி கதிரையிலை ஏறி நிண்டா. இராயப்பு சிம்மாசனத்திலை கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருந்திட்டார்.

திரைக்குப் பின்னாலை மற்ற மூண்டு ராசாமாரும் வேலையில்லாமல் நிண்டினம். சட்டம் வந்திட்டுதெண்டால் அவை எதைக் கேக்கிறது? நீக்கிலாஸ் மத்தளம் அடிக்க மறந்துபோனார். பெர்னார் ஐயா மேடையிலை ஏறி இராயப்புவின்ரை காதுக்கை குனிஞ்சார்.

"மெசியே இராயப்பு, தயவுசெஞ்சு தோத்துடுங்க. இருபது வருஷம் கழிச்சு, ஜெயிச்ச ஜோன்சனே ட்ரூமன் ஊருக்குத் தேடிப் போயி, மொத காப்புறுதி அட்டைய ட்ரூமன் கையிலதான் குடுத்தாரு. நெசமா நடந்தது. தோத்த ராசா திரும்ப வரக்கூடாதுன்னு அண்ணாவியாருதான் அதை வெட்டிட்டாரு."

இராயப்பு நீக்கிலாசை முறைச்சார். மங்களத்துக்கு நான் நிக்கலாமோ எண்டு சபைக்குக் கேக்கக் கேட்டார். மண்டபம் முழுக்க அண்ணாவியாரைப் பாத்துது. மனிசன் என்ன செய்வார், தலையை ஆட்டினார்.

பேந்தென்ன, இராயப்பு தோத்த மாதிரி ஒருத்தரும் தோத்திருக்க மாட்டினம். அழுது பாடி, முடியைக் கழட்டி, மேடைக் கரையிலை ஒரு ஸ்டூலிலை போய் இருந்தார். பெண்டுகள் மூக்கைச் சிந்திச்சினம். ஜோன்சன் ராசா வந்து வெண்டான். அட்டை செய்ய ஒருத்தருக்கும் நினைவு வரேல்லை, வின்சன்ற் தன்ரை மெத்ரோ பாஸை எடுத்து நீட்டினான். கைதட்டலிலை கூரை பறந்துது. நிக்சன் முதலாளிமார் கட்டட்டும் எண்டு கேட்டுத் தோத்தான். காட்டர் படிப்படியாக் குடுப்பம் எண்டு கேட்டுத் தோத்தான். ரெண்டுபேரும் உள்ளுக்கை போகாமல் ஓடிப்போய் அந்த ஸ்டூலிலையே நெருக்கிக்கொண்டு இருந்தினம். மங்களத்துக்கு வின்சன்றை ஒருத்தரும் பாக்கேல்லை.

எல்லாம் முடிய வின்சன்ற் கையை நீட்டினான். அவன் ரெயிலெடுத்துப் பியர்ஃபித்திலை இருக்கிற வீட்டை போகவேணும்.

"அண்ணை, என்ரை பாஸ்."

"ராசாவுக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ?"

இராயப்பு பாஸைப் பொக்கற்றுக்கை செருகிப்போட்டு, யன்னல் சீலையோடையே மரியகொறற்றியைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அண்டைக்கு வெண்ட ஒரே ராசா கார் து நோர் ஸ்டேசனிலை ரிக்கற்றுக்கு வரிசையிலை நிண்டான்.