நாலிஞ்சியா, ரெண்டிஞ்சியா

ஐப்பசியில் முதல் மழை விழுந்த நாளிலிருந்தே ஜெனிற்றாவுக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. காலையில் தேநீர்க் கோப்பையோடு வாசலுக்கு வருவாள். வாவிப் பக்கமாக வானத்தைப் பார்ப்பாள். பாதி குடித்த கோப்பையைச் சுவரில் வைத்துவிட்டு ஜீப்பண்டை போய், அதன் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையில் கையை வைத்துப் பார்ப்பாள். ஒரு சாண்கூட இல்லை. மாரி முழுதாகத் தொடங்கினால் இந்த உயரத்தை வைத்துக்கொண்டு வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குப் போய்வர முடியாது.

அவள் மட்டக்களப்பு நகரில் தனியாகத் தொழில் பார்க்கும் மிருக வைத்தியர். நகரத்தில் நாய்களும் பூனைகளும்தான். அவளுடைய உண்மையான வேலை வாவிக்கு மேற்கே, வவுணதீவுக்கும் அதற்கு அப்பாலும் உள்ள வயல்வட்டைகளிலும் மாட்டுப்பட்டிகளிலும் இருந்தது. அதற்காகத்தான் அந்தச் சிறிய பழைய ஜீப். கணவன் றெஜி கட்டாருக்குப் போகுமுன் வாங்கி, இருவருமாகத் துருச் சுரண்டி, பச்சை நிறம் அடித்தது.

போன மாரியில், படுவான்கரையில் பட்டி வைத்திருந்த சாமித்தம்பியின் பசு ஒன்று கன்று போட முடியாமல் கிடந்தது. அவர் மனைவி புஸ்பம் அழைத்ததும் ஜெனிற்றா உடனே புறப்பட்டாள். குளத்து வான்கதவு திறந்திருந்ததால் வீதியின் பள்ளத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நடுவழியில் என்ஜின் இருமி நின்றுவிட்டது. நாலு பேர் சேர்ந்து ஜீப்பைப் பின்னால் தள்ளிக் கரையேற்றினார்கள். உழவு இயந்திரம் பிடித்து அவள் போய்ச் சேர்ந்தபோது பசுவும் கன்றும் செத்திருந்தன. சாமித்தம்பி ஒரு சொல் குறை சொல்லவில்லை. தைப்பொங்கலுக்குப் பிறகு அவருடைய இன்னொரு மாட்டுக்குக் காய்ச்சல் வந்தபோது வேறொருவரைக் கூப்பிட்டார் என்று கேள்விப்பட்டாள். அவர் ஏசியிருந்தால் அவள் மறந்திருப்பாள். இது உள்ளே கிடந்து அரித்தது.

அதனால்தான் ஒருநாள் தொலைபேசியில், "ஜீப்பைக் கொஞ்சம் உயத்தினா என்ன?" என்று றெஜியிடம் கேட்டாள்.

கேட்டது பிழையாகப் போயிற்று. றெஜி ஒரு கிரேன் நிறுவனத்தின் கராஜில் வேலை செய்தான். சாப்பாட்டு நேரம், பஸ்ஸில் போகும் நேரம், படுக்கையில் கிடக்கும் நேரம் என்று எல்லா நேரத்திலும் அவன் இப்போது வண்டியை உயர்த்தும் லிப்ட் கிட் பற்றியே யோசித்தான். வாட்ஸ்அப்பில் காணொளி மேல் காணொளியாக வந்து விழுந்தது. பாலைவன மணலில் தாவும் ஜீப், பாறைமேல் ஏறும் ஜீப், சேற்றிலிருந்து சிங்கம் போல எழும்பும் ஜீப். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அவன் குரல்.

"ஜெனி, ரெண்டிஞ்சி போட்டுக் காணா. போட்டா நாலிஞ்சி போடணும். பெரிய ரயரும் போடலாம். தண்ணி உன்னத் தொடாது."

ஒரு மாட்டின் பின்புறத்தில் கையை விட்டு நிற்கும்போதும் சட்டைப்பையில் தொலைபேசி நடுங்கும்.

ஒரு சனிக்கிழமை காத்தான்குடியில் ஹமீட்டின் கராஜுக்குப் போனாள். ஜீப்பின் எல்லா வேலையையும் ஹமீட்தான் செய்பவர்; அண்ணன் முறையில் அவரை 'நானா' என்றே கூப்பிடுவாள். குழிக்குள் இறங்கி, மின்விளக்கைப் பிடித்து, அடிப்பாகம் முழுவதையும் பார்த்துவிட்டு மேலே வந்தார்.

"மூணு விதமாச் செய்யலாம் டொக்டர். ஸ்பிரிங்குக்கு அடியில கட்டை வெச்சு உயத்தலாம். அது லேசு, ஆனா கனகாலம் நிக்கா. மத்தது, ரெண்டிஞ்சி கிட். புது ஸ்பிரிங், புது ஷொக் அப்சோபர், அவ்வளவுதான். நாலிஞ்சி எண்டா பிறேக் ஹோஸ் நீட்டணும், ஸ்டியரிங் தண்டு மாத்தணும், கீழே எல்லாம் கை வைக்கணும்."

"நீங்க எதப் போடுவீங்க நானா?"

ஹமீட்டின் முகம் மலர்ந்தது. "என்னக் கேட்டா நாலுதான். இந்த ஊரில நான் ஒருத்தருக்கும் நாலு போடல்ல. போட்டுப் பாக்க ஆசையா இரிக்கி."

அந்தப் பதில் அவளுக்கு உதவவில்லை. பின்கதவைத் திறந்து, மூலையில் வாரால் கட்டியிருந்த திரவ நைதரசன் சாடியைக் காட்டினாள். மாடுகளைச் சினைப்படுத்தும் விந்துக் குழாய்கள் அதற்குள்தான் உறைந்திருந்தன. "இது குலுங்கக் கூடா. பிறகு நான் ஓடுறது கூடுதலா வாய்க்கால் கட்டுல. ஒரு பக்கம் வாய்க்கால், மத்தப் பக்கம் வயல். உயரம் கூடினா ஆடாதா?"

"கொஞ்சம் ஆடும்தான்," என்றார் ஹமீட். "பழகினாச் சரி."

வீடு திரும்பும்போது வழியில் ஒரு சந்தியில் வண்டியை ஓரம் கட்டி, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, குடிக்காமல் மூடினாள். ரெண்டிஞ்சிதான் என்று மனம் சொல்லிற்று. பள்ளத்துத் தண்ணீர் ரெண்டிஞ்சிக்கு அடங்குமா என்று அதே மனம் கேட்டது. போன வருடத்துப் பசுவின் திறந்த கண் நினைவில் வந்தது. ஜீப்பைக் கிளப்பினாள், நிறுத்தினாள், மறுபடி கிளப்பினாள்.

முடிவெடுக்கும் வேலையை அவளுக்கு வைக்காமல் றெஜி முடித்துவிட்டான். அடுத்த வாரம் கொழும்பு பஸ்ஸில் கனமான பெட்டிகள் வந்து இறங்கின. உள்ளே சிவப்பு வண்ணம் அடித்த நாலிஞ்சி ஸ்பிரிங்குகள்.

அன்று மாலை அவள் அவனோடு சண்டை பிடித்தாள்.

"என்னக் கேக்காம ஏன் எடுத்த நீங்க?"

"கேட்டா நீ முடிவு சொல்ல மாட்டாய். மழை வந்திரும்."

"ஓடுறது நான். அந்தக் கட்டுல போறது நான். நீங்க இல்ல."

மறுமுனையில் அவனுக்குப் பின்னால் யாரோ அரபியில் கத்துவது கேட்டது.

"தெரியும்," என்றான். "நீ அந்தத் தண்ணிக்குள்ள நிண்டத போன வருசம் படத்திலதான் பாத்தன். படம் பாத்துட்டு நான் இஞ்ச வேலைக்குப் போனன். வேற என்ன செய்ய? இத எண்டாலும் செய்ய விடு."

அதற்குப் பிறகு அவளால் மறுக்க முடியவில்லை. கோபம் போகவில்லை, ஆனாலும் ஜீப்பைக் கொண்டுபோய் ஹமீட்டிடம் விட்டாள்.

நாலிஞ்சி உயர்ந்த ஜீப் வேறொரு பிராணி போல இருந்தது. ஏறுவதற்குக் கதவின் மேற்பிடியைப் பிடித்து எம்ப வேண்டும். வலையிறவுப் பாலத்தில் வாவிக் காற்று பக்கவாட்டில் அடித்தபோது ஸ்டியரிங் கைக்குள் அலைந்தது. வளைவுகளில் உடம்பு முந்திச் சாய, ஜீப் பிந்திச் சாய்ந்தது. தெருவில் பெடியன்கள் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்கள். படம் எடுத்து அனுப்பச் சொல்லி றெஜி நச்சரித்தான். முன்னால், பக்கத்தில், கீழேயிருந்து என்று எடுத்து அனுப்பினாள். அவன் அந்த வாரம் முழுவதும் சந்தோசமாக இருந்தான். அவள்தான் வண்டிக்குள் முதுகை ஒருநாளும் இருக்கையில் சாய்க்கவில்லை.

கார்த்திகையில் மழை விடாமல் கொட்டியது. ஒரு முற்பகல் புஸ்பம் அழைத்தாள்.

"டொக்டரம்மா, சிவலைப் பசு விடியத்தில இருந்து முக்குது. ஒரு கால் மட்டும் தெரியிது. உங்களுக்கு வர ஏலுமா எண்டு இவரு கேக்கச் சொன்னாரு."

'வர ஏலுமா' என்ற சொல்லில் போன வருடம் இருந்தது. "வாறன்," என்றாள் ஜெனிற்றா. "மாட்ட எழுப்பி நிப்பாட்டி வையுங்க. காலப் பிடிச்சு ஆரும் இழுக்கக் கூடா."

பள்ளத்தில் தண்ணீர் போன வருட அளவுக்கே ஓடியது. இரு பக்கமும் மோட்டார் சைக்கிள்காரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் கியரில் மெதுவாக இறக்கினாள். தண்ணீர் சில்லுகளைச் சுற்றிச் சுழித்தது, கதவின் அடியைத் தொட்டது, அதற்கு மேல் வரவில்லை. என்ஜின் ஒரே சீராக உறுமியபடி மறுகரை ஏறியது. அவளையறியாமல் சிரித்துவிட்டாள். றெஜி சொன்னது சரிதான் என்று இன்று பின்னேரம் அவனிடமே சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

வீதியை விட்டு வாய்க்கால் கரையோர மண்கட்டின்மேல் திரும்பினாள். அந்தக் கட்டு அவளுக்குப் புதிதல்ல. பழைய உயரத்தில் எத்தனையோ தரம் போயிருக்கிறாள். மழையில் உழவு இயந்திரங்கள் ஓடி ஒரு பக்கத் தடம் ஆழமாக வெட்டுப்பட்டிருந்தது. இடது சில்லுகள் தடத்துக்குள் இறங்கியதும் ஜீப் சாய்ந்தது. எப்போதும் சாயும் இடம்தான். ஆனால் இம்முறை சாய்வு நிற்கவில்லை. ஸ்டியரிங்கை வயல் பக்கமாகவே ஒடித்து இறக்கிவிடப் பார்த்தாள். கட்டின் விளிம்பு ஈர மாவு போல உடைந்தது. ஜீப் அவசரமில்லாமல், களைத்த மாடு படுப்பது போல, இடப்பக்கமாக வயலுக்குள் படுத்தது.

என்ஜினை நிறுத்தினாள். சேறு கலந்த தண்ணீர் கண்ணாடி விளிம்பால் உள்ளே கசிந்தது. பின்னால் சாடி வாரில் தொங்கியபடி இருந்தது, உடையவில்லை. தோள் நொந்தது. கைகால்களை அசைத்துப் பார்த்தாள். பிறகு மருந்துப் பையை மேலே தூக்கி வலப்பக்க ஜன்னலால் எறிந்துவிட்டுத் தானும் அதன் வழியே ஏறி வெளியே குதித்தாள்.

கொஞ்ச நேரம் வாய்க்கால் கட்டின்மேல் குந்தி இருந்தாள். அழுகை வரும் போலிருந்தது. வரவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாமித்தம்பியின் பட்டியை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

பசுவைப் பூவரச மரத்தில் கட்டியிருந்தார்கள். புஸ்பம் சுடுதண்ணீர் வைத்திருந்தாள். ஜெனிற்றா முழங்கைக்கு மேல் சவர்க்காரம் பூசி உள்ளே கையை விட்டாள். கன்றின் ஒரு முன்னங்கால் மடிந்து பின்னால் போயிருந்தது, தலை பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. வாய்க்குள் விரலை வைத்தாள். சப்பவில்லை. கண் இமையை அழுத்தினாள். அசைவில்லை.

"கண்டுக்குட்டி போயிட்டு," என்றாள். "தாயக் காப்பாத்திப் பாப்பம்."

சாமித்தம்பி தலையை மட்டும் ஆட்டினார்.

நொந்த தோளோடு அவள் உள்ளே தள்ளினாள், திருப்பினாள், குளம்பை உள்ளங்கையில் பொத்தி வளைத்தெடுத்தாள். பசு முக்கும்போதெல்லாம் கை நசிந்தது. தலை ஒருவழியாக நேரானதும் கயிறு போட்டு, பசு முக்கும் நேரம் மட்டும் சாமித்தம்பியை இழுக்கச் சொன்னாள். மழை மூவர் மேலும் பெய்தது. கன்று வழுக்கி வந்து சாக்கில் விழுந்தது. புஸ்பம் அதைப் பார்க்காமல் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

கல்சியம் ஏற்றி முடித்துக் கொஞ்ச நேரத்தில் பசு தவிட்டுத் தண்ணீரில் வாய் வைத்தது. அதைக் கண்ட பிறகுதான் சாமித்தம்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். காற்சட்டை முழுவதும் சேறு, கன்னத்தில் கீறல்.

"ஜீப் எங்க புள்ள?"

"உங்கட வயலுக்குள்ள படுத்திரிக்கி. கொஞ்சப் பயிர் நசிஞ்சிட்டு."

அவர் திகைத்து நின்றார். "பிரண்டதுக்குப் பிறகா நடந்து வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உழவு இயந்திரத்தைக் கிளப்பப் போனார்.

அவர் ஜீப்பை இழுத்து நிமிர்த்துவதற்கிடையில், புஸ்பத்தின் குசினியில் அடுப்பருகே இருந்து ஜெனிற்றா றெஜிக்கு அழைப்பு எடுத்தாள். நடந்ததை ஒழுங்காகச் சொன்னாள். பள்ளத்தைக் கடந்ததையும் விடாமல் சொன்னாள்.

"தண்ணிக்குள்ள நல்லாத்தான் போச்சு. நீங்க சொன்ன மாதிரி. கட்டுலதான் கவுண்டிச்சு."

"அடி பட்டிச்சா?"

"தோள் நோகுது. முறிவு ஒண்டுமில்ல."

"நான்தான் உன்னக் கவுத்தன்," என்றான். பிறகு குரல் மாறியது. "இனிப் போகாத. மாரி முடியுமட்டும் டவுனுக்குள்ள வேலையப் பாரு."

"போவன்."

"ஜெனி—"

"நாலிஞ்சி போட்டதும் நீங்க பயந்துதான். இப்ப போகாத எண்டு சொல்றதும் பயந்துதான். எனக்கும் பயம். எனக்கு எது சரி எண்டு அண்டைக்கே தெரியும், உங்கட முகத்துக்காக வாய் மூடினன். இனி மூட மாட்டன்."

அவன் தொடர்பை வெட்டிவிட்டான். அவள் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, புஸ்பம் தந்த தேநீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

ஹமீட் நெளிந்த கதவைத் தட்டி நிமிர்த்தி, சிவப்பு ஸ்பிரிங்குகளைக் கழற்றினார். அவருக்கு முகம் வாடித்தான் இருந்தது. "நானும் ஆசைப்பட்டுச் சொல்லிட்டன் டொக்டர்," என்றார். அவள் ரெண்டிஞ்சி கிட்டைத் தானே தெரிந்தெடுத்தாள். எந்த ஸ்பிரிங் சுமையில்லாமல் ஓடும்போதும் மென்மையாக இருக்கும் என்று மூன்று கடைகளுக்கு அழைப்பு எடுத்துக் கேட்டாள். வேலை முடிந்ததும் ஹமீட்டைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, வாய்க்கால் கட்டொன்றில் போய்த் திரும்பி வந்து பார்த்தாள். பிறகுதான் சரி என்றாள்.

றெஜி மூன்று நாளாகப் பேசவில்லை. நாலாம் நாள் ஒரு செய்தி வந்தது. ரெண்டிஞ்சி கிட் ஒன்றின் படம். 'இது உனக்குச் சரிவரும் எண்டு நினைக்கிறன். நீ பாத்துச் சொல்லு.'

அவள் ஜீப்பின் அடியில் படுத்து, பூட்டி முடித்த ஸ்பிரிங்கைப் படம் எடுத்து அனுப்பினாள். பதிலாக, 'நட்டுகள ஒரு கிழமையால திரும்ப இறுக்கச் சொல்லு,' என்று வந்தது. அதற்கு அவள், 'ஓம், சொல்றன்,' என்று எழுதினாள்.

மார்கழியில் இன்னும் பெரிய வெள்ளம் வந்தது. பட்டியொன்றில் மாடு பார்க்கப் புறப்பட்டவள், பள்ளத்தின் விளிம்பில் ஜீப்பை நிறுத்தி இறங்கி, செருப்பைக் கழற்றி, முழங்கால் வரை நடந்து பார்த்தாள். ரெண்டிஞ்சிக்கு அது ஆகாது. கால்கள் முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்தன. ஜீப்பைச் சுற்றி ஒருதரம் நடந்தாள். பிறகு சாமித்தம்பிக்கு அழைப்பு எடுத்தாள்.

"இந்தப் பக்கம் நிக்கிறன். உழவு மெசின் அனுப்ப ஏலுமா?"

"நானே வாறன் புள்ள," என்றார் அவர். "தண்ணிக்குள்ள இறங்கிராதீங்க."

ஜீப்பை மேட்டில் ஏற்றிப் பூட்டினாள். மருந்துப் பையை அணைத்துக்கொண்டு மதகுச் சுவரில் இருந்தாள். தண்ணீர் இலைகளையும் நுரையையும் இழுத்துக்கொண்டு அவள் காலடியால் ஓடியது. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. எழும்பிக் கையை உயர்த்திக் காட்டினாள்.